பெரிய கதவு வழி

“ஆட்டுக் கதவு வழியாவா? அப்பாவையா?”

“கத்தாதடா. பொணத்த வச்சிக்கிட்டு கத்தாத.”

“பின்ன என்ன மாமா பேசறீங்க? பாயில சுருட்டி, கால புடிச்சி வெளிய இழுக்க அவரு என்ன அரிசி மூட்டையா?”

“நானாடா இழுக்கச் சொன்னேன்? பக்கத்து வீட்டுக்காரி சுவத்தக் கழட்ட மாட்டேங்கிறா. காலையிலேருந்து மூணு தடவ போயிட்டு வந்துட்டேன். வேற வழி இருந்தா நீ சொல்லு.”

பழனி குளித்த தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அப்பாவைப் பார்த்தபடி நின்றான். இராமையா மாமா தோள் துண்டை எடுத்து உதறினார், மறுபடியும் தோளில் போட்டார். அம்மாவின் தம்பி அவர். லயனில் எந்தச் சாவு விழுந்தாலும் மூங்கில் வாங்குவதிலிருந்து சங்கு ஊதுகிறவனைக் கூப்பிடுவது வரை அவர் கைதான். இன்றைக்கு அந்தக் கை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டோடு விளையாடிக்கொண்டிருந்தது.

அம்சவேணி தலைமாட்டில் உட்கார்ந்து விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனும் மாமாவும் பேசுவது காதில் விழுந்தாலும் அவள் கண் அப்பாவை விட்டு நகரவில்லை. அப்பாசாமி விடிகிற நேரத்தில் போனார். படகுத்துறையில் முதல் படகு ஊதியது. அது ஊதி முடித்தபோது அவர் மூச்சும் முடிந்திருந்தது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். இரும்பு உருளுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதால், அவர் வீட்டில் உப்பு கேட்டால்கூட ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறவன் எடுத்து வருவான் என்று லயனில் கேலி செய்வார்கள். அந்தத் தொண்டை இப்போது இவ்வளவு அமைதியாக இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. பெரிய மலையொன்றின் அடிவாரத்தில் வந்து நின்றுவிட்டதுபோல் அண்ணாந்து பார்க்கத்தான் தோன்றியது.

நேற்று மத்தியானம் அவருக்கு நல்ல நினைவு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பழனி கெஞ்சினான். “போனா வெளிய இருந்தே தூக்கிட்டுப் போயிடுவீங்க. எங்கப்பன் பெரிய கதவு வழியா நிமிந்து உள்ள வந்தான். நான் குனிஞ்சு வெளிய போக மாட்டேன்” என்றார். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார். வேறொன்றும் பேசவில்லை.

லயன் என்பது ஒரு நீளமான மரக் கொட்டகை. பர்மாத் துறைமுகத்தையொட்டிய போட்டாதாங்கில், ஸ்ட்ராண்ட் சாலைக் கிடங்குகளுக்குப் பின்னால், வெள்ளைக்காரன் காலத்து அரிசிக் கம்பெனி ஒன்று கடல் தாண்டிக் கொண்டுவந்த கூலிகளை அடைத்துவைக்கக் கட்டியது. கட்டியபோது அதில் வீடு என்று எதுவும் இல்லை. ஒரு கோடியில் பெரிய கதவு. மறு கோடியில் மொட்டைச் சுவர். நடுவில் நடை, இரண்டு பக்கமும் நீளவாக்கில் பலகை மேடை. அந்த மேடையில் தோளோடு தோள் ஒட்டப் படுத்திருந்தார்கள். பிறகு கம்பெனி போனது, மேஸ்திரி போனான், மிஞ்சினவர்கள் கல்யாணம் கட்டிக்கொண்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் மேடை, கொஞ்சம் நடை என்று பங்கு போட்டுக் குறுக்கே பலகைச் சுவர் வைத்து அதை வீடு என்றார்கள். வீடென்றால் வாசல் வேண்டுமே. ஒரு பக்கத்து மேடையை அறுத்தெடுத்துவிட்டு அந்தப் பக்கச் சுவரில் ஆளுக்கொரு பொந்து வைத்தார்கள். ஆனால் சுவரைப் பிடித்து நிறுத்தியிருந்த கனத்த கட்டை ஒன்று மார்பளவு உயரத்தில் லயன் முழுக்க ஓடியது. அதை அறுத்தால் சுவரே சரிந்துவிடும். ஆகவே கட்டைக்குக் கீழேதான் வாசல். அதற்குப் பெயர் ஆட்டுக் கதவு. அம்சவேணி பிறந்ததிலிருந்து அதில்தான் குனிந்து போய்க் குனிந்து வந்தாள். லத்தாவில் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறபோதும் அப்படித்தான், திரும்பி வருகிறபோதும் அப்படித்தான்.

உயிரோடிருக்கிறவன் குனிவான். செத்தவன் எப்படிக் குனிவான்? அதனால் லயனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குறுக்குச் சுவர்களில் யாரும் ஆணி அடிக்கக்கூடாது. பலகையைக் காடியில் செருகி ஆப்பு வைத்து இறுக்குவதுதான். சாவு விழுந்தால் அந்த வீட்டிலிருந்து பெரிய கதவு வரை எல்லா வீட்டுச் சுவரும் இறங்கும். சட்டி பானை ஒதுங்கும், தொட்டில் ஒதுங்கும், சாமிப் படம் கவிழும். வந்த வழியாகவே, நிமிர்ந்த ஆட்கள் தோளில், பாடை வெளியே போகும்.

எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு லயனில் வீட்டில் செத்தவர் யாரும் இல்லை. எல்லாரும் ஆஸ்பத்திரியில் போனார்கள். அதற்கு முன் நடந்ததெல்லாம் அம்சவேணி பிறப்பதற்கு முன்போ, தாமுவேயில் சித்தி வீட்டில் தங்கிப் படித்த காலத்திலோதான். அந்தச் சுவர்கள் இறங்கி அவள் பார்த்ததில்லை.

“அம்சா.” மாமா அவள் பக்கம் குனிந்தார். “நீ ஒரு நடை போய் கேளு. ஒன் மேல அவளுக்குப் பிரியம்.”

பிரியம்தான். பக்கத்து வீடு. டோ டின் மேக்குக் கண் மங்கிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் தர்மப் புத்தகம் வாசித்துக் காட்டுவாள். கிழவி பதிலுக்குத் தனாக்கா மரப்பட்டை அரைத்து அவள் கன்னத்தில் பூசிவிடுவாள். அம்சவேணி விளக்கை அம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள். அம்மா விடியற்காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கு நகர்ந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

டோ டின் மே மேடையில் காலை மடக்கி உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். பர்மாக்காரி. தமிழை லயன் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டவள். அதனால் இராமையா மாமா ஆனாலும் கோயில் குருக்கள் ஆனாலும் அவள் வாயில் உயிரோடிருக்கிற எல்லாரும் வாடா போடாதான்.

“வாடி. அந்த ராமையா அனுப்பினானா?”

“நானாத்தான் வந்தேன்.”

“பொய். சாவு வீட்டுலேருந்து வந்து பொய் சொல்றே. உக்காரு.”

அம்சவேணி உட்காரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவரில்தான் டோ டின் மேயின் பயா மாடம் இருந்தது. வெள்ளைக் கல்லில் பயா என்கிற புத்தர், முன்னால் சின்ன பல்பு, கண்ணாடித் தம்ளரில் பூ. சுவரைக் கழற்றினால் மாடம் போய்விடும். கழற்றாவிட்டால் அப்பா போக முடியாது.

“உங்க அப்பா விடியக்காலம் செத்துட்டாருன்னு யாரு எனக்குச் சொன்னாங்க தெரியுமா?”

“யாரு?”

“யாருமில்ல. முப்பது வருஷமா அந்த ஆளு காலையில இருமி, காறி, ‘ஏ புள்ள, காப்பி’ன்னு கத்தி என் தூக்கத்தக் கெடுப்பாரு. இன்னிக்கு சத்தமே இல்ல. முழிச்சிக்கிட்டு காத்திருந்தேன். அப்புறம் எழுந்து பூ மாத்தினேன்.”

சுருட்டின் சாம்பலை அவள் தேங்காய்ச் சிரட்டையில் தட்டினாள்.

“எங்க வீட்டுக்காரரு செத்தது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“ஆஸ்பத்திரியில. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு அழுதேன். எங்க பர்மாக்காரங்களே விடல. வெளிய செத்த பொணம் பேட்டைக்குள்ள வந்தா பேட்டைக்கு ஆகாதாம். அங்கேருந்தே கொண்டு போயிட்டாங்க. அவரு செருப்பு மட்டும் வீட்டுக்கு வந்துச்சு, ஒரு பையில. ரெண்டு வருஷமா அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்ப உங்க அப்பாவுக்கு எல்லா வீடும் தெறக்கணும். என் வீட்டுக்குள்ளயே பொணம் வரணும். பயா காலடியில.”

அம்சவேணிக்குக் கிழவி சொன்னது நியாயம் என்று பட்டது. அப்பா கேட்டதும் நியாயம். இரண்டு நியாயங்களுக்கு நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தான்.

“முன்னாடி தாத்தாவுக்குத் தெறந்தீங்களே” என்றாள் மெல்ல.

“நானா தெறந்தேன்? எங்க வீட்டுக்காரருதான் தெறந்தாரு. பயாவ எறக்கி கையில தூக்கி வச்சிக்கிட்டு நின்னாரு, பொணம் தாண்டிப் போற வரைக்கும். பொணத்துக்கு மேல ஒசரமா இருக்கணும் பயா. இப்ப யாரு தூக்குவா? என் தோள் மேல எழும்பாது.” அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுருட்டைச் சிரட்டையின் விளிம்பில் வைத்தாள். “நீ தூக்குவியா?”

அம்சவேணியின் கைகள் தாமாகவே பின்னால் போயின.

“நான் தொடக்கூடாதே.”

“ஏன்?”

“எங்களுக்குத் தீட்டு.”

டோ டின் மேயின் முகம் இறுகியது.

“எங்க பயா தீட்டா?”

“ஐயோ, அப்படி இல்ல. எனக்குத்தான் தீட்டு. அப்பா செத்திருக்காரு. சாமியத் தொடக்கூடாது. எங்க வீட்டு முருகன் படத்தக்கூடத் திருப்பி வச்சிருக்கோம்.”

“நீ தொட்டாலே ஆகாதுன்னா, செத்த ஆளு மட்டும் பயாவுக்குக் கீழ என் வீட்டுக்குள்ள வரலாமா? அதுக்குத் தீட்டு இல்லியா?”

“அது…”

“போ. போய் உங்க மாமங்கிட்ட சொல்லு. இந்தக் கெழவிக்கு காதும் கேக்கலன்னு சொல்லு.”

அம்சவேணி குனிந்து வெளியே வந்தாள். வெளியே மழை விட்டிருந்தது, கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மாமாவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வீட்டுப் பக்கம் போகாமல் லயனின் சுவரோரமாகவே நடந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தட், தட் என்று மரத்தில் மரம் அடிக்கும் சத்தம். பெரிய கதவுப் பக்கமிருந்து வந்தது.

டோ டின் மே என்ன சொல்வாள் என்று யாரும் காத்திருக்கவில்லை. பழனி போய் ஒவ்வொரு ஆட்டுக் கதவிலும் குனிந்து, “அப்பா கெளம்பறாரு” என்று மட்டும் சொல்லியிருந்தான். அதுதான் சொல்கிற முறை. அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். ஆப்புகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

பெரிய கதவருகில் அமீர் அலி நின்றிருந்தார். முதல் வீடு அவருடையது. கதவை அடைத்திருந்த தள்ளுவண்டியையும் தகரத்தையும் அப்புறப்படுத்திவிட்டு, கதவின் குறுக்கே கிடந்த இரும்புப் பட்டைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பட்டை துருப்பிடித்துக் கொக்கியோடு ஒட்டிப்போயிருந்தது.

“எறங்க மாட்டேங்குது பாரு” என்றார். “ஓட்டல் கட்ட எடம் அளந்துட்டுப் போனாங்களே, அவங்க வந்து இடிச்சாத்தான் வரும் போல.”

“அமீர் காக்கா, இந்தத் தாப்பா ஏன் வெளிப்பக்கம் இருக்கு?”

“பின்ன?”

“உள்பக்கம் ஒண்ணும் இல்லியே.”

அமீர் அலி சிரித்தார். சாவு வீடு என்று ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். “உள்ள தாப்பா வச்சா உள்ள இருக்கறவன் வீட்டுக்காரன் ஆயிடுவானேம்மா. ராத்திரி ஆளுங்களப் படுக்கவிட்டு மேஸ்திரி பட்டையப் போட்டுட்டுப் போயிடுவான். எங்க தாத்தா சொல்வாரு, தண்ணிக்குக்கூட விடியற வரைக்கும் வெளிய வர முடியாதுன்னு.”

அவர் கல்லால் ஒரு போடு போட்டார். பட்டை அலறிக்கொண்டு நகர்ந்தது.

அம்சவேணி அந்தக் கொக்கியையே பார்த்தாள். பன்சோடான் தெருவில் வாடகைக்கு எடுத்துவந்து அவள் படித்த கதையொன்றில் இப்படி ஒரு கதவு வந்தது. எங்கோ கரும்புத் தோட்டம், எங்கோ தீவு. அடிமைகள் படுக்கும் நீண்ட வீடு. அதற்கும் தாழ்ப்பாள் வெளியேதான். பர்மிய மொழியில் எழுதியிருந்த அந்தப் பக்கங்களை அவள் இந்த லயனின் மேடையில் குப்புறப் படுத்துக்கொண்டு வாசித்தாள். அந்தக் கறுப்பு மனிதர்களுக்காகத் தலையணை நனைய அழுதாள். கடையில் கூட வேலை செய்கிறவள் எங்கே வீடு என்று கேட்டபோது, “போட்டாதாங் பயாக் கோயிலுக்குப் பக்கத்துல” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

கதவு திறந்தது. அவள் முதல் தடவையாக நிமிர்ந்து உள்ளே போனாள்.

அமீர் அலி வீட்டுச் சுவர் இறங்கியிருந்தது. அடுத்த வீட்டுச் சுவரும். அதற்கடுத்ததும். வெளிச்சம் அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. தலைக்கு மேலே கூரைச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கவிழ்த்துப் போட்ட பெரிய கப்பலின் விலாவெலும்புபோல் போயின. சட்டி பானைகள் அறுத்த மேடைப் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. அறுக்காத பக்கத்து மேடை மட்டும், துண்டு துண்டாக எத்தனையோ குடும்பங்களுக்குக் கட்டிலாக இருந்தது போய், இப்போது துண்டே தெரியாமல் ஒரே பலகையாக நீண்டு கிடந்தது.

அந்த மேடைக்கு மேலே சுவரில் அவள் அதைப் பார்த்தாள். உட்கார்ந்தால் தலை எங்கே படுமோ அந்த உயரத்தில் ஒரு கறுப்பு வட்டம். பக்கத்தில் இன்னொன்று. இடையில் ஒரு தோள் அகலம். அடுத்தது. அதற்கடுத்தது. ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், கண் போகிற வரை.

அவர்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி இரண்டு மூன்று உண்டு. ஈரம் கோத்த கறை என்று நினைத்து, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அம்மா அதன்மேல் நாட்காட்டி மாட்டுவாள்.

அவள் கையை வைத்துப் பார்த்தாள். மரம் அங்கே வழவழவென்று, எண்ணெய் குடித்து, கொஞ்சம் குழிந்திருந்தது. தலை. வேலை முடிந்து வந்து சாய்ந்த தலை. நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தேய்த்த தலை, வியர்த்த தலை. ஒருத்தன் போனதும் அதே இடத்தில் இன்னொருத்தன், அவன் போனதும் வேறொருத்தன். யாருக்கும் பெயர் இல்லை. ஆனால் அத்தனை பேரும் இருந்தார்கள், வரிசையாக, முதுகைச் சுவரில் கொடுத்து, நடையைப் பார்த்தபடி. அதில் ஒன்று அப்பாவின் அப்பனுடையது. எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொன்றும் அவருடையதாக இருக்கலாம் என்று தோன்றியது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். ஏன் கழற்றினாள் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

வெளிச்சம் ஓடிப்போய் ஒரு பலகைச் சுவரில் முட்டி நின்றது. டோ டின் மேயின் வீடு. வழிநெடுக எல்லா வீடும் திறந்து கிடக்க, அது மட்டும் ஒரு பெட்டிபோல் நின்றிருந்தது. ஆப்பு கையிலிருந்த ஆண்கள் அதன்முன் நின்றார்கள். யாரும் அந்தப் பலகையைத் தொடவில்லை.

அம்சவேணி அவர்களை விலக்கிக்கொண்டு போய்ச் சுவரில் தட்டினாள்.

“நான் தூக்கறேன்” என்றாள்.

மறுபடியும் தட்டினாள்.

“அம்மா, நான் தூக்கறேன். நீங்க எறக்கிக் குடுக்க வேணாம். நானே எறக்கறேன்.”

டோ டின் மே என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள். அம்மா என்று எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“தீட்டுன்னே?” பலகைக்கு அந்தப் பக்கம், மிக அருகில் குரல் கேட்டது. கிழவி சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

“ஆமா. தீட்டுத்தான்.”

“அப்புறம்?”

“அதோடதான் தூக்குவேன். உங்களுக்குப் பரவாயில்லன்னா.”

பின்னால் இராமையா மாமா வந்துவிட்டார். “அம்சா! கிறுக்கு புடிச்சிருக்கா? கருமாதி முடியறதுக்குள்ள சாமியத் தொடறதா? அது யாரு சாமியா இருந்தா என்ன, சாமி சாமிதான். அக்கா, நீயாவது சொல்லேன்!”

கடைசி வீட்டில், அந்தச் சுவருக்கும் அப்பால், அம்மா இருந்தாள். இரண்டு பலகைச் சுவர்களைத் தாண்டி அவள் குரல் வந்தது. காலையிலிருந்து பேசாத தொண்டை கரகரத்தது.

“தொடட்டும்டா.”

உள்ளே ஒரு ஆப்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சரியாகத் தட்டத் தெரியாத கை. பழனி பாய்ந்துபோய்ப் பலகையைத் தாங்கிக்கொண்டான்.

புத்தர் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தார். டோ டின் மே மாடத்துக்கு முன் மண்டியிட்டு மூன்று முறை குனிந்து எழுந்தாள். பர்மிய மொழியில் ஏதோ மன்னிப்புக் கேட்டாள். இன்னும் உடுத்தாத தன் புது லொஞ்சிக் கைலியை அப்படியே மடித்து அம்சவேணியின் உள்ளங்கைகளின்மேல் விரித்தாள். “மேடைமேல ஏறிக்கோ. நெத்திக்கு மேல புடி. உங்கப்பா தெருவத் தாண்டுற வரைக்கும் எறக்கக்கூடாது. அழுதாலும் ஆடாம அழு.”

அவள் மேடையில் ஏறி முதுகைச் சுவரில் கொடுத்து நின்றாள். டோ டின் மேயின் கடைசிச் சுவர் இறங்கியது. அந்தப் பக்கம் அவர்களுடைய வீடு, திரும்பிய முருகன் படம், விளக்கு, அம்மா, அப்பா. மொட்டைச் சுவரிலிருந்து பெரிய கதவு வரை லயன் ஒரே மூச்சாகத் திறந்து கிடந்தது. இவ்வளவு காலம் தான் ஒரு சின்ன வீட்டில் வாழ்ந்ததாக அவள் நினைத்திருந்தாள். அப்படியொன்று இருந்ததே இல்லை. இருந்தது இந்த ஒரு வீடுதான். எத்தனை பேர் குறுக்கே பலகை வைத்தாலும் அது உடையாமல் அடியில் அப்படியே இருந்திருக்கிறது.

சங்கு ஊதியது. அதுவரை அடங்கியிருந்த பெண்களின் அழுகை கிளம்பிக் கூரையில் மோதி, நீளமாக ஓடித் திரும்பி வந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். அம்மா போட்டாள். பெரியம்மா மகள் போட்டாள். அம்சவேணியின் முறை வந்தபோது எல்லாரும் மேடையை நிமிர்ந்து பார்த்தார்கள். அவளுக்கு இரண்டு கையும் ஒழிவாக இல்லை. யாரோ அவள் பங்கையும் போட்டார்கள்.

“தூக்கு” என்றார் மாமா.

பாடை எழுந்தது. பழனி முன்னால், அமீர் அலி அவனுக்கு இணையாக, பின்னால் இராமையா மாமாவும் இன்னொருவரும். யாரும் குனியவில்லை. அப்பா கால் பெரிய கதவைப் பார்க்க, மெதுவாக வந்தார். அவள் காலடிக்கு நேராக வந்தபோது முகம் தெரிந்தது. பொட்டு, விபூதி, கட்டிய தாடை. அவள் அவ்வளவு உயரத்திலிருந்து அவரைப் பார்த்ததே இல்லை. குழந்தையில் அவர் தோளில் உட்கார்ந்துகூட அவர் தலைமுடியைத்தான் பார்த்திருக்கிறாள். விழுந்து கட்டிக்கொள்ள உடம்பு எம்பியது. கை புத்தரைப் பிடித்திருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கிக் கழுத்தில் இறங்கியது, துடைக்க முடியாமல் நின்றாள். ஆடாமல் அழுதாள்.

பாடை அந்தக் கறுப்பு வட்டங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கடந்துபோயிற்று. மேடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து வழிவிடுவதுபோல அவளுக்குப் பட்டது. அதைச் சொன்னால் பழனி சிரிப்பான். பெரிய கதவில் வெளிச்சம் ஒரு கணம் அடைபட்டது, தோள்களும் பாடையும் கறுப்பாகத் தெரிந்தன. பிறகு வெளிச்சம் முழுதாகத் திரும்பியது.

சேகண்டிச் சத்தம் கிடங்குகளைத் தாண்டித் தேய்ந்துபோனது. பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். எந்த வீடென்று பிரிக்க இன்றைக்குச் சுவர் இல்லை. ஆகவே நடை முழுவதையும் கழுவினார்கள். அமீர் அலியின் மனைவி நபீஸா தன் வாசலிலிருந்து துடைப்பத்தோடு எதிரே வந்தாள். தண்ணீர் மெல்லிய தகடாக நடையில் ஓடியது.

“எறக்கலாமா?” என்றாள் அம்சவேணி.

டோ டின் மே மேடைமேல் ஏற முயன்றாள். முழங்கால் வலித்து இரண்டாம் முயற்சியில் ஏறினாள். அம்சவேணிக்குப் பக்கத்தில், சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். அவள் நரைத்த கொண்டை ஒரு கறுப்பு வட்டத்துக்குள் சரியாகப் பொருந்தியது. அது அவளுக்குத் தெரியாது. அவள் பெரிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தமீ” என்றாள். மகளே என்பதை அவள் எப்போதும் பர்மிய மொழியில்தான் சொல்வாள்.

“ம்.”

“எனக்கு ஒடம்புக்கு முடியாமப் போனா, இவங்க என்னைத் தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில போட்டுடுவாங்க. எனக்குன்னு பேச ஆளில்ல. நீ வந்து வழிய மறிச்சி நிக்கணும். இங்கயே வச்சிருந்து, எல்லாச் சுவரையும் எறக்கி, அந்தக் கதவு வழியா அனுப்பணும். செய்வியாடி?”

கதவருகே, சுவர்களை மறுபடி வைப்பதற்காக, வெளியே சாத்தி வைத்திருந்த முதல் பலகையை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது.